சத்தமில்லாத சப்பாத்து

லண்டன் நகர மையத்தில், ஒரு கடையின் மூன்றாம் மாடியில், ஒரு மலை இருக்கிறது. உயரம் என் இடுப்பளவு. சீமெந்தில் கற்களைப் பதித்து, ஒரு பக்கம் ஏறவும் மறுபக்கம் இறங்கவும் சரிவு வைத்திருக்கிறார்கள். ஏறும் பக்கத்தில் உருண்டைக் கற்கள், இறங்கும் பக்கத்தில் கூரான கற்கள், நடுவில் ஒரு வழுக்கும் மரக்கட்டை. சப்பாத்து வாங்க வருபவர்கள் அதன்மேல் ஏறி இறங்கிப் பார்க்கிறார்கள். நான் உட்கார்ந்திருந்த அரைமணி நேரத்தில் ஒன்பது பேர் ஏறினார்கள். ஒருவர் தவறாமல் எல்லோரும் உச்சியில் சற்று நின்று சுற்றிப் பார்த்தார்கள். அங்கிருந்து தெரிவது மழைக்கோட்டுகள் தொங்கும் கம்பிகளும் காசு கட்டும் இடமும்தான். ஆனாலும் உயரத்தில் நின்றால் சுற்றிப் பார்ப்பது இந்த நாட்டவர்களின் உடம்பில் ஊறியிருக்கிறது. நான் மலையே இல்லாத ஊரிலிருந்து வந்தவன். யாழ்ப்பாணத்தில் உயரம் என்றால் பனை, கோபுரம், தண்ணீர்த் தாங்கி. அந்தப் போர் ஆண்டுகளில் அவற்றின் மேல் துப்பாக்கியோடு ஏறி நின்று சுற்றிப் பார்ப்பவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் உயரத்தில் ஒருவர் நின்றால் கீழே நடப்பவர் தலையைக் குனிந்துகொள்வது எங்கள் உடம்பில் ஊறியது.

பத்தாவது ஆளாக என் மகள் ஆரணி ஏறினாள். அவளுக்கு இருபத்தைந்து வயது. அவளும் உச்சியில் நின்று சுற்றிப் பார்த்தாள். அவள் இங்கே பிறந்தவள்.

அவள் ஏறி இறங்கிய நேரத்தில் நான் தட்டுகளிலிருந்த சப்பாத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, தலைகீழாகப் புரட்டி, அடியைப் பார்த்து, திரும்ப வைத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் இதைக் கவனித்துவிட்டார். இயன் என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்த அறுபது வயதுக்காரர். ஒரு முழங்கால் மடங்காது. "உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. வருபவர்கள் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பிடிமானத்தைப் பார்க்கிறீர்கள்" என்றார். நான் நன்றி சொன்னேன். பிடிமானத்தை நான் பார்க்கவில்லை. ஓர் அச்சைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த அச்சு உள்ள சப்பாத்து எங்கள் வீட்டுக்குள் வந்துவிடக்கூடாது என்பதற்காக மகளோடு கடைக்கு வந்திருந்தேன்.

ஆரணி விலங்கியல் படித்தவள். ஸ்கொட்லாந்தின் வடக்கே, மனிதர்களைவிட மான்கள் அதிகமாக இருக்கும் ஒரு மலைப் பிரதேசத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அங்கே ஓநாய்கள் அற்றுப்போய் நெடுங்காலம். மான்கள் பெருகி, முளைக்கிற மரக்கன்றுகளையெல்லாம் தளிரிலேயே தின்றுவிடுகின்றன. ஆகவே குளிர்காலத்தில் பெண்மான்களில் ஒரு பங்கைச் சுட்டுக் குறைக்கிறார்கள். பாதை இல்லாத மலையில், புதைசேற்றிலும் கல்லிலும் நாள் முழுவதும் நடந்து, மான் இருக்கும் இடத்தை அடைந்து, சுட்டு, இறக்கிக்கொண்டு வர வேண்டும். பெரும்பாலும் தனியாக. தொலைபேசி அலை கிடைக்காது. கணுக்கால் புரண்டால் அந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். பொருந்தாத சப்பாத்து அங்கே உயிரை வாங்கும் என்று ஆரணி சொன்னாள். வேலைக்குச் சேர மூன்று வாரம் இருந்தது. என் மனைவி கௌரி அதுவரை "போ" என்றும் சொல்லவில்லை, "போகாதே" என்றும் சொல்லவில்லை. அம்மா வாய் திறந்து சொல்லாமல் போகமாட்டேன் என்று ஆரணி என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

இந்த வேலைக்கு இங்கே ஸ்டோக்கிங் என்று பெயர். ஹவுன்ஸ்லோவில் இருக்கும் கௌரியின் ஒன்றுவிட்ட தங்கை மைதிலி தொலைபேசியில் விசாரித்தபோது கௌரி அந்தச் சொல்லைத்தான் சொன்னாள்.

"ஸ்டொக்கிங்கோ? எந்தக் கடையில?" என்றாள் மைதிலி. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"கடை இல்லையடி. ஸ்கொட்லாந்தில."

"தட்டு அடுக்கிறதுக்கு ஸ்கொட்லாந்துக்குப் போகோணுமே? பட்டம் எடுத்த பிள்ளையடி! இஞ்ச எயார்போட் கடையில இவர் சுப்பவைசர்தானே. ஒரு சொல்லுச் சொன்னால் நாளைக்கே ஷிப்ட் போட்டுக் குடுப்பார்."

கௌரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திருத்தவில்லை. "ஓம், பாப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். மகள் குளிர்ப்பிரதேசத்தில் பால்மா டின் அடுக்கப் போகிறாள் என்று உறவுக்காரர்கள் நினைப்பது அவளுக்கு ஆறுதலாக இருந்ததைக் கண்டேன்.

எனக்கு அந்தச் சொல் வேறு விதத்தில் தொல்லை கொடுத்தது. ஊரில் பத்திரிகையில் வேலை செய்தவன். இங்கே கவுன்சிலுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மொழிபெயர்த்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். ஸ்டோக்கிங் என்பதை வேட்டை என்று எழுத என் கை கூசுகிறது. வேட்டை என்றால் நாய், கூச்சல், கலைத்தல், ஓட்டம். வன்னிக் காட்டில் பன்றிக்குப் போனவர்களோடு ஒரு தடவை செய்திக்காகப் போயிருக்கிறேன். சத்தம்தான் அங்கே பாதி ஆயுதம். ஸ்டோக்கிங்கில் சத்தமே கூடாது. காற்றுக்கு எதிராக, வயிற்றால் ஊர்ந்து, விலங்குக்குத் தெரியாமல் அதன் கிட்டப் போவதுதான் முழு வேலையும். இதே சொல்லை இன்னொரு துண்டுப் பிரசுரத்திலும் மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு பெண்ணை அவள் வீடு வரை ஒளிந்து பின்தொடர்பவனின் குற்றத்துக்கும் இதுவே பெயர். அதற்கு நான் நான்கு தமிழ்ச் சொற்கள் செலவழித்தேன். மான் விஷயத்துக்கு இன்னும் ஒன்றும் அகப்படவில்லை.

முதல் சோடியை இயன் தேர்ந்து கொடுத்தார். அவர் சொன்னவற்றைப் பழக்க தோஷத்தில் குறித்துக்கொண்டேன். பின்னேரத்தில்தான் வாங்க வேண்டும், காலையைவிடக் கால் வீங்கியிருக்கும். மலையில் போடப்போகிற அதே தடித்த கம்பளி மேஸைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஊரில் நாங்கள் மேஸ் என்போம், தமிழகத்தவர்கள் சாக்ஸ் என்பார்கள். லேஸ் கட்டாமல் காலை முன்னுக்குத் தள்ளினால் குதிக்காலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டியபின் குதி மேலெழும்பக் கூடாது. இறங்கும்போது பெருவிரல் முன்னே முட்டக் கூடாது. தோல் எவ்வளவு குறைந்த தையலோடு இருக்கிறதோ அவ்வளவு காலம் தண்ணீர் உள்ளே வராது. நுனியையும் குதியையும் பிடித்து முறுக்கினால் சற்றே முறுக வேண்டும், துணி பிழிவதுபோலப் பிழிபடக் கூடாது. கடைசியாக ஒன்று சொன்னார். "ஒரு வாரம் வீட்டுக்குள் போட்டு நடக்கட்டும். கம்பளத்தில், மாடிப்படியில். பொருந்தாவிட்டால் கொண்டு வாருங்கள். அடி சுத்தமாக இருந்தால் மாற்றித் தருவோம்." நாங்கள் தலையாட்டினோம்.

கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில், எங்கள் வீட்டு வாசலுக்குள் நுழைந்ததும் ஒரு சிறிய கண்ணாடி அடைப்பு. சப்பாத்துத் தட்டு அங்கே இருக்கிறது. அதைத் தாண்டி யாரும் சப்பாத்தோடு வந்ததில்லை. கொதிகலன் திருத்த வந்தவர் நீலப் பிளாஸ்ரிக் உறை மாட்டிக்கொண்டு வந்தார். இது எல்லாத் தமிழ் வீடுகளிலும் உள்ள வழக்கம்தான், விளக்கம் தேவையில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கௌரி திடுக்கிடுவாள். அவள் சமையலறையில் நிற்கும்போது நான் வாசலில் வந்து நின்றால் கையிலிருப்பதைப் போட்டுவிடுவாள். மணமாகி இருபத்தேழு ஆண்டுகளில் எத்தனை கோப்பை உடைந்தது என்று தெரியாது. அவளுக்குக் காலடிச் சத்தம் ஆகாது என்று நானே முடிவு செய்தேன். காரணமும் எனக்குத் தெரியும் என்று நம்பினேன். ஆகவே மெதுவாக நடக்கப் பழகினேன். மாடிப்படியில் கிரீச்சிடும் பலகையை ஆணி அடித்து அடக்கினேன். கதவுப் பிணைச்சல்களுக்கு மாதம் ஒரு தடவை எண்ணெய் விட்டேன். மகளுக்கும் சிறுவயதிலிருந்தே அப்படித்தான் பழக்கினேன்.

இந்த வீட்டுக்குள் மலைச் சப்பாத்தோடு ஒரு வாரம் நடக்க விடுவதா? "பின்வளவுக்குள்ள நட. இல்லாட்டி பார்க் பக்கம் போட்டு வா" என்று ஆரணியிடம் சொன்னேன். அவள் அப்படியே செய்தாள். ஐந்தாம் நாள் இரண்டு குதியிலும் தோல் உரிந்துவிட்டது. கடைக்குக் கொண்டுபோனபோது இயன் சப்பாத்தைப் புரட்டி, பேனாக்கத்தியால் அடியிலிருந்து ஒரு சிறு கல்லை நெம்பி எடுத்து மேசையில் வைத்தார்.

"வீட்டுக்குள் என்று சொன்னேனே."

"எங்கள் வீட்டுக்குள் சப்பாத்துப் போட முடியாது" என்றேன்.

"புதுக் கம்பளமா?"

"இல்லை, பழையது."

"ஓ. வீட்டுச் சொந்தக்காரர் கண்டிப்பானவரா?"

"வீடு என்னுடையது."

அவர் என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கீழ் வீட்டில் குழந்தை தூங்குமோ?" என்று கேட்டார். அவருக்கு உதவ விருப்பம். எனக்கு விளங்கப்படுத்த விருப்பம். இருவருக்கும் நடுவில் அந்தக் கல் இருந்தது. ஆரணி "அப்பா, விடுங்கோ" என்று சொல்லி என் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தச் சோடியை மாற்ற முடியவில்லை.

இனி அந்த அச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பத்திரிகையில் சேர்ந்து ஏழு மாதம். யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் ஒரு வீட்டில் ஓர் இளைஞனைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று தகவல் வந்தது. ஆசிரியர் என்னை அனுப்பினார். நான் போனது மறுநாள் மதியம். சைக்கிளை வேலிப் படலையில் சாத்திவிட்டு உள்ளே போனேன். தாயும் ஒரு பெண்பிள்ளையும் சுவரோடு இருந்தார்கள். தாய் பேசும் நிலையில் இல்லை. சீமெந்துத் தரையில், வாசலிலிருந்து உள்ளறை வரை, செம்மண்ணில் பூட்ஸ் அடையாளங்கள் இருந்தன. தரையை இன்னும் யாரும் கழுவியிருக்கவில்லை. நான் குனிந்து எண்ணினேன். முழுமையானவை ஏழு, பாதியானவை நான்கு. ஓரம் முழுக்கப் பல்லுப் பல்லாகத் தடம், நடுவில் சிறு சிலுவைகள் வரிசையாக. கொப்பியில் அதை வரைந்தேன். என் சாணால் நீளத்தை அளந்தேன். நல்ல செய்தியாளன் என்று என்னைப் பற்றி அன்று எனக்குள் ஒரு பெருமை வந்ததை மறைக்க விரும்பவில்லை. அலுவலகத்தில் ஆசிரியர் அந்தப் பந்தியைச் சிவப்பு மையால் வெட்டினார். "அடையாளம் எண்டு எழுதினால், ஆரின்ர அடையாளம் எண்டு கேட்டுக்கொண்டு இஞ்ச வருவாங்கள், தம்பி" என்றார். மறுநாள் வெளியான செய்தி ஆறு வரி. "இனந்தெரியாதோரால் அழைத்துச் செல்லப்பட்டார்" என்று முடிந்தது. அந்த இளைஞனின் பெயர் குகன். இன்றுவரை வரவில்லை. சுவரோடு இருந்த பெண்பிள்ளை கௌரி. சில ஆண்டுகள் கழித்து, இருவரும் லண்டனுக்கு வந்து சேர்ந்தபின், உறவினர் பேசி எங்களுக்குக் கல்யாணமானது. அந்தச் செய்தியை எழுதியவன் நான் என்று அவளிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

மூன்றாம் தடவை கடைக்குப் போனபோது இயன் ஆரணியின் பாதங்களை மறுபடி அளந்தார். இடது பாதம் சற்று நீளம் என்று கண்டுபிடித்தார். உள்ளே போய், நொண்டிக்கொண்டே, தட்டில் வைக்காத ஒரு சோடியைக் கொண்டுவந்தார். ஒரே தோலில் வெட்டிய கபிலநிறச் சப்பாத்து. கணுக்காலுக்கு மேலே நான்கு விரல் உயரம். ஆரணி ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. "அப்பா, போட்ட மாதிரியே தெரியேல்லை" என்றாள். "அடி மென்மையான ரப்பர். கல்லில் மிதித்தாலும் மான் காதுக்கு எட்டாது. ஒரு ஸ்டோக்கருக்கு வேறென்ன வேண்டும்?" என்றார் இயன். நான் ஒன்றை வாங்கிப் புரட்டினேன். ஓரம் முழுக்கப் பல்லுத் தடம். நடுவில் சிலுவைகள்.

உலகம் முழுவதும் புழங்கும் மிகச் சாதாரணமான அச்சு அது என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றும் அரைவாசி தெரியும். ஆனாலும் "இது வேண்டாம்" என்றேன். இயன் காரணம் கேட்டார். "பிடிமானம் போதாது" என்றேன். அவர் முதன்முறையாக என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

திரும்பும்போது எலிசபெத் லைன் ரயிலில் ஆரணி எனக்கு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு நிலையங்கள் கடந்தன. பிறகு, அந்தச் சோடியை ஏன் வேண்டாம் என்றேன் என்று கேட்டாள். நான் செய்தி வாசிப்பதுபோல மூன்று நான்கு வசனத்தில் சொன்னேன். அவள் தாய்மாமன், தரை, அடையாளம், சிலுவைகள்.

"அம்மாவே இதைச் சொன்னவ? பூட்ஸ் சத்தம் தனக்கு ஏலாது எண்டு?"

"இல்லை."

"நீங்கள் கேட்டனீங்களோ?"

"இல்லை."

"அப்ப உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் பாத்தனான், பிள்ளை."

"நீங்கள் தரையைத்தானே பாத்தனீங்கள், அப்பா."

ஸ்ட்ராட்போர்ட்டில் கதவு திறந்ததும் எழுந்து இறங்கிவிட்டாள். மேடையில் நின்று, எதிர்ப்பக்க ரயிலுக்குப் போவதாகக் கையால் காட்டினாள். "எப்பிடித் தெரியும்" என்ற அந்தக் கேள்வியை ஆசிரியர் என்னிடம் அன்றே கேட்டிருக்க வேண்டும் என்று செவன் கிங்ஸ் வரை நினைத்துக்கொண்டு வந்தேன்.

அவள் அந்தக் கபிலநிறச் சோடியின் பெட்டியோடு வீட்டுக்கு வந்தபோது பின்னேரம் ஐந்து மணி. வாசலில் நின்றுகொண்டு உள்ளே கேட்டாள். "அம்மா, இதை ஒரு கிழமை வீட்டுக்குள்ள போட்டு நடக்கோணும். இல்லாட்டி சரிவருமோ எண்டு தெரியாது. ஏலுமோ?" கௌரி போஞ்சிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "புதுசுதானே. மண்ணில்லை. நட பாப்பம்" என்றாள்.

ஆரணி படியில் உட்கார்ந்து லேஸைக் கட்டி, எழுந்து, கூடத்தைக் கடந்து மாடிக்கு ஏறினாள். எங்கள் வீட்டில் அப்படியொரு சத்தம் அதற்குமுன் கேட்டதில்லை. கல்லில் மான் காதுக்கு எட்டாதோ என்னவோ, பலகைப் படியில் அது வீட்டையே அதிர வைத்தது. என் கைகள் தாமாகவே பக்கவாட்டில் நேராகத் தொங்கின. கௌரி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"காணும், கழட்டு!" என்று மேலே பார்த்துக் கத்தினேன்.

"நீங்கள் சும்மா இருங்கோ" என்றாள் கௌரி, கண்ணைத் திறக்காமல். ஆரணி இறங்கி வரும்வரை அப்படியே நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன? முகமெல்லாம் வெளிறிப்போய் நிக்கிறியள்."

ஆரணிதான் சொன்னாள். "மாமாவைக் கொண்டுபோனவையின்ர பூட்ஸ் அடையாளம் இதே மாதிரியாம். உங்களுக்கு ஏலாதெண்டு அப்பா வாங்க விடேல்லை."

கௌரி படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணையைக் கொண்டுபோனவன் பூட்ஸோட வரேல்லை" என்றாள்.

நான் அவளைத் திருத்தப் பார்த்தேன். "நான் எண்ணினனான். பதினொரு அடையாளம்."

"அது அடுத்தநாள் காலமை. வீட்டைச் சோதனை போட வந்த கூட்டம். நீங்கள் மத்தியானம்தானே வந்தனீங்கள். அவன் வந்தது முதல்நாள் பின்னேரம். ரெண்டு பேர் படலையில நிண்டவை. அவன் மட்டும் வந்தவன். படியடியில எங்கட செருப்புகள் கிடந்தது. அதைப் பாத்தான். பாத்திட்டு, குந்தியிருந்து பூட்ஸைக் கழட்டி, எங்கட செருப்புக்குப் பக்கத்தில ஒழுங்கா வைச்சிட்டு, மேஸோட உள்ள வந்தான். பச்சை மேஸ். அம்மா என்ர காதுக்குள்ள 'நல்ல வளர்ப்பு' எண்டு சொல்லிப்போட்டு, தேத்தண்ணிக்குக் கேத்திலை வைச்சவ. அண்ணை உள்ளுக்கை ரேடியோ திருத்திக்கொண்டு இருந்தவர். முதுகு வாசலுக்கு. அவன் போனது அவருக்குக் கேக்கேல்லை. தோளில கை வைச்சாப் பிறகுதான் திரும்பினவர்."

ஆரணி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"வெளியில வந்து அவன் திரும்பப் படியில இருந்து பூட்ஸைப் போட்டான். லேஸ் நீளம். ஒவ்வொரு ஓட்டையா இழுத்து இழுத்துக் கட்டினான். அவ்வளவு நேரமும் அண்ணை பக்கத்தில நிண்டவர். ஓடேல்லை. ஏன் ஓடேல்லை எண்டு தெரியேல்லை. மரியாதையா வந்தவனை விட்டிட்டு எப்பிடி ஓடுறது எண்டு நிண்டாரோ. அவர் செருப்புப் போட்டுக்கொண்டு போனவரோ, வெறுங்காலோட போனவரோ, அதுவும் எனக்கு இப்ப ஞாபகமில்லை." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. "நீங்கள் வந்து தரையைப் பாத்து எழுதினீங்கள். எங்கட முகத்தைப் பாத்து ஒண்டும் கேக்கேல்லை."

திருத்தம் போடுவது என் தொழிலில் இருந்த ஒரு வழக்கம். தவறு நேர்ந்தால் மறுநாள் சிறிய எழுத்தில், உள்பக்கத்தில், "தவறுக்கு வருந்துகிறோம்" என்று போடுவோம். இந்தத் தவறுக்கு வயது ஏறத்தாழ முப்பது. நான் பார்த்தது உண்மை. எண்ணியது சரி. ஒரு நாள் மட்டும் பிந்திவிட்டேன். அந்த ஒரு நாளின் மேல் என் வீட்டைக் கட்டினேன். பூட்ஸ் சத்தத்துக்கு அஞ்சுகிற பெண் என்று அவளை நினைத்து, இருபத்தேழு ஆண்டுகள் மேஸ் போட்ட காலோடு, எண்ணெய் விட்ட கதவுகளைத் திறந்து, முதுகைக் காட்டி நின்றவளின் பின்னால் சத்தமில்லாமல் போய் நின்றிருக்கிறேன். அக்கறையோடு.

கௌரி ஒரு சப்பாத்தின் நுனியை விரலால் அழுத்திப் பார்த்தாள். "இது மானுக்குக் கேக்காதோ?"

"கேக்காது, அம்மா."

"சத்தமில்லாமல் பின்னால போய்ச் சுடுறதோ?"

அந்தக் கேள்விதான் இத்தனை வாரமாக அவள் வாய்க்குள் இருந்தது என்று அப்போது எனக்கு விளங்கியது. ஆரணிக்கும் விளங்கியது. அவள் கீழே தரையில் உட்கார்ந்து, லேஸை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். "கிட்டப் போனால்தான் ஒரே சூட்டில முடியும். தூரத்தில நிண்டு சுட்டால் காயத்தோட ஓடும். ரெண்டு மூண்டு நாள் கிடந்து சாகும். அதைவிட இது பரவாயில்லை எண்டுதான்..." ஒரு சப்பாத்தைப் பாதி கழற்றினாள். "எனக்கும் அது பிடிக்கேல்லை, அம்மா. பிடிக்கிற ஆள் இந்த வேலைக்குப் போகக்கூடாது எண்டு அங்க இன்டவியூவிலயே சொன்னவை."

கௌரி எழுந்து, விட்ட இடத்திலிருந்து போஞ்சிக்காய் வெட்டப் போனாள். போகிற வழியில் திரும்பாமல் சொன்னாள். "ஏன் கழட்டிறாய்? வீட்டுக்குள்ளயாவது சத்தமா நட."

அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஆரணி பல் துலக்கினாலும் சத்தத்தோடு துலக்கினாள். பக்கத்து வீட்டுப் போலந்துக்காரர் ஒருநாள் வேலியருகே, மாடியில் திருத்த வேலை நடக்கிறதா என்று நாகரிகமாக விசாரித்தார். மகள் வீட்டுக்குள் நடக்கிறாள் என்றேன். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். கௌரி ஒரு கோப்பையும் உடைக்கவில்லை. சமையலறையில் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று பாத்திரம் கழுவினாள். சனிக்கிழமை மதியம் சாப்பிட்டபின் சோபாவில் சாய்ந்தவள் தூங்கிவிட்டாள். பகலில் அவள் தூங்கி நான் கண்டதில்லை. தலைக்கு மேலே ஆரணி அறைக்கும் குளியலறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். டொக், டொக், டொக். பிள்ளை எங்கே நிற்கிறாள், எந்தப் பக்கம் வருகிறாள் என்று உறக்கத்திலும் அவளுக்குத் தெரிந்தது. சப்பாத்து நின்றபோது கண் விழித்தாள்.

புறப்படும் நாள் காலை. ஆரணி முதுகுப் பையை மாட்டிக்கொண்டு, சப்பாத்தைக் கையில் தூக்கியபடி, உள்ளே வைத்துப் போடுவதா வெளியே வைத்துப் போடுவதா என்று தெரியாமல் வாசற்படியில் நின்றாள். கௌரி அவளுடைய கோட்டின் பொத்தானைச் சரிசெய்துவிட்டுச் சொன்னாள். "போட்டு வா."

யாழ்ப்பாணப் பேச்சில் "போய்விட்டு வா" என்பதையும் "போட்டு வா" என்றுதான் சொல்வோம். அணிந்துகொண்டு வா என்பதற்கும் அதே சொல். ஆரணி எதை எடுத்துக்கொண்டாளோ தெரியாது. படியில் உட்கார்ந்து, லேஸை ஒவ்வொரு ஓட்டையாக இழுத்து இழுத்துக் கட்டினாள். அதற்கு நிறைய நேரம் எடுத்தது. கௌரி அவ்வளவு நேரமும் பக்கத்தில் நின்றாள். பிறகு தெரு முனை வரை சத்தம் கேட்டது.

இப்போது வீட்டில் நாங்கள் இருவர்தான். முதல் நாள் மாலை வேலை முடிந்து வந்து, கதவைத் திறந்து, கண்ணாடி அடைப்புக்குள் நின்றபோது எனக்கு ஒரு சிக்கல் வந்தது. சப்பாத்தோடு உள்ளே போக என் கால் இடம் கொடுக்கவில்லை. அது பிறப்போடு வந்தது, மாறாது. கழற்றிவிட்டு மேஸோடு போனால் நான் அவனாகிவிடுவேன். மாடிப்படியில் அடித்த ஆணியைப் பிடுங்கிவிட்டேன். பிணைச்சலுக்கு எண்ணெய் விடுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் இங்கத்தைய பிணைச்சல் துருப்பிடிக்க வருடங்களாகும். அதுவரை வேறு வழியில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, என் பெயரில் பத்திரம் உள்ள வீட்டின் வாசலில், ஊரில் பொழுது சாய்ந்தபின் படலையில் வந்து நிற்பவர்கள் குரல் கொடுப்பதுபோல, தினமும் குரல் கொடுக்கிறேன்.

"நான்தான்."

சமையலறையில் குழாய்த் தண்ணீர் நிற்கும்.

"நான் எண்டால், ஆர்?" என்று உள்ளிருந்து கேட்பாள். பாதி பகிடியாக. மீதிப் பாதி என்னவென்று எனக்குத் தெரியும். ஆகவே கழற்றிய சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நின்று, என் முழுப்பெயரையும் சொல்கிறேன். தகப்பன் பெயரையும் ஊரையும் சேர்த்து. அவள் "வாங்கோ" என்ற பிறகுதான் உள்ளே போகிறேன்.